பதிவெண்ணும் ஆட்டுக்காலும்

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டியிருக்கும் கடைகளில் பழுப்பு ரோமம் மூடிய ஒரு கிழங்கைக் குவித்து வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பொசுக்காத ஆட்டுக்கால் போலவே இருக்கும். பெயரும் அதுதான், முடவாட்டுக்கால். தோலைச் சீவி, மிளகு சீரகத்தோடு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த சூப்பை டம்ளரில் தருவார்கள். "குடிச்சுப் பாருங்க கண்ணு, மூட்டு வலியெல்லாம் போயிரும்" என்று சொல்கிற அம்மாவுக்கு அது கிழங்கு. தாவரவியல்படி அது கிழங்கே இல்லை, ஒரு பெரணியின் மட்டத்தண்டு. பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் செடி. அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. இதன் இரண்டாம் பாதிக்கு 'ஓக் மர இலை கொண்டது' என்று பொருள். 1753-ல் லின்னேயஸ் வைத்த அடைமொழி அது. ஓக் மரத்தைப் பார்த்தே இராத மலையில் வளரும் செடிக்கு ஓக் இலைப் பெயர். ஆட்டை மேய்ப்பவர்கள் வைத்த பெயரில் ஆட்டின் கால். இரண்டுமே உவமைதான், ஆனால் பரீட்சையில் மதிப்பெண் வாங்கித் தருவது ஒன்றுதான்.

நான் கணினிக்காரன். பிளஸ் ஒன் சேரும்போதே உயிரியலை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உட்கார்ந்தவன். இந்தக் கட்டுரைக்கு எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பி.எஸ்ஸி. தாவரவியல் படித்த ஒரு பெரியம்மா மகள். அவளுடைய ஹெர்பேரியம் தாள்களுக்கு லேபிள் எழுதிக் கொடுத்தது நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். ராசிபுரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, புரியாத லத்தீன் சொற்களை இந்தியன் இங்க்கில் எழுதியபோது எழுந்த கேள்விதான் இத்தனை வருடம் கழித்து இங்கே வந்து நிற்கிறது. ஒரு கல்லூரி மாணவி உயிரியல் ஆய்வக வகுப்புக்குப் பெயர் பதிந்தால், அவள் ஏன் இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது? இந்த ஏற்பாட்டை யார் தொடங்கினார்கள்? கொல்லிமலை இதற்குள் எப்படி வந்தது?

பதில் லண்டனில் தொடங்குகிறது. 1870-ல் இங்கிலாந்தில் கல்விச் சட்டம் வந்ததும் பள்ளிகள் பெருகின. அறிவியல் சொல்லித்தர ஆசிரியர்கள் வேண்டும். அதுவரை உயிரியல் என்பது கேட்கிற பாடம். பேராசிரியர் மேடையில் நின்று பேசுவார், படம் வரைவார், மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். டார்வினுக்காக மேடை மேடையாக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி, 1871 கோடையில் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார். காலையில் உரை. அதன்பின் ஒவ்வொருவர் கையிலும் ஓர் உயிர், ஒரு கத்தி, ஒரு நுண்ணோக்கி. இப்போதுதான் கேட்டது உண்மையா என்று தானே திறந்து பார். மைக்கேல் ஃபாஸ்டர், ரே லங்கெஸ்டர், வில்லியம் ரூதர்ஃபோர்ட் ஆகிய மூவரும் மேசை மேசையாகப் போய்ச் செய்து காட்டினார்கள். அப்படிச் செய்து காட்டுபவருக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் என்று பெயர். நம்மூர்க் கல்லூரிகளில் ஒரு காலத்தில் இளம் ஆசிரியர்களுக்கு இருந்த பதவிப் பெயரும் அதுவே. தாத்தா தலைமுறையில் யாராவது கல்லூரியில் வேலை பார்த்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

1875-ல் ஹக்ஸ்லி தன் மாணவர் எச்.என். மார்ட்டினோடு சேர்ந்து இந்த வகுப்பைப் புத்தகமாக்கினார். அதன் பொருளடக்கத்தை முதன்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈஸ்ட், அமீபா, பாக்டீரியா, பூஞ்சை, பெரணி, அவரைச் செடி, ஹைட்ரா, நன்னீர் மட்டி, கிரேஃபிஷ், கடைசியில் தவளை. என் அக்கா படித்த பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது. ஒவ்வொரு பெரும் குடும்பத்துக்கும் ஒரு பிரதிநிதி, அந்த ஒன்றைத் துருவிப் படித்தால் மற்றவை விளங்கும் என்பது கணக்கு. கிரேஃபிஷ் கிடைக்காத இடத்தில் இறால் வந்தது. தவளை மட்டும் தவளையாகவே வந்தது, இனம் வேறு. நம்மூர் மேசைகளில் குளத்துப் பச்சைத் தவளை. பெரணிக்கு ஹக்ஸ்லி எடுத்துக்கொண்டது பிராக்கன் என்ற இங்கிலாந்துத் தரிசு நிலப் பெரணி.

இந்த வகுப்பில் 1884-ல் பதிந்துகொண்ட ஒரு பதினெட்டு வயதுப் பையன் பின்னாளில் உலகப்புகழ் பெற்றான். எச்.ஜி. வெல்ஸ். செவ்வாய்க்காரர்களையும் கால இயந்திரத்தையும் எழுதும் முன்பு, 1893-ல் அவர் எழுதிய முதல் புத்தகங்களில் ஒன்று உயிரியல் பாடநூல். லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தபால் வழி படிப்பவர்களுக்கு, பரீட்சைக்கு எது வரும் என்று பார்த்து எழுதிய நூல். சுருக்கமாகச் சொன்னால் கோனார் நோட்ஸ். தானே திறந்து பார் என்று தொடங்கிய வகுப்பு இருபது வருடத்தில் நோட்ஸ் ஆகிவிட்டது. இதில் வெல்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர்வு ஒன்று இருக்கும் இடத்தில் நோட்ஸும் இருக்கும்.

அந்த லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில்தான் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதாவது பாடம் நடத்தாத பல்கலைக்கழகம். தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். கற்பிப்பது கல்லூரிகளின் பாடு. பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே தாவரவியல் ஆய்வகம் வைத்து, பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்காரை அதன் தலைமையில் உட்கார வைத்தது 1930-களில். அதற்குள் மூன்று தலைமுறைக்கு மேல் பட்டம் வாங்கிப் போய்விட்டது. மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த நேரடி உறவு ஒரே ஒரு எண்தான், தேர்வுப் பதிவெண். இன்றும் செய்முறைத் தேர்வு மேசையில் மாணவியின் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஓரளவு மரியாதை உண்டு. பெயர் தெரிந்தால் சாதி தெரியும் ஊரில் எண் என்பது சின்னப் பாதுகாப்பு.

ஆய்வகம் வந்தது. ஆய்வகத்துக்குள் வைக்க உள்ளூர்ச் செடி? அங்கேதான் சிக்கல். மாணவன் ஆங்கிலப் புத்தகத்தில் படித்த செடி ஜன்னலுக்கு வெளியே இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பிலிப் ஃபர்லி ஃபைசன் இதற்காகவே இந்தியச் செடிகளைக் கொண்டு 1912-ல் ஒரு பாடநூல் எழுதினார். பிறகு நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களை 1915 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். 1919-ல் இந்தியத் தாவரவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அவர் நூல்களின் படங்களில் நிறைய அவர் மனைவி டயானா வரைந்தவை. 1932-ல் வந்த பெரிய நூல், தென்னிந்தியக் கோடை வாசஸ்தலங்களின் தாவரங்கள். தலைப்பைக் கவனியுங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு. வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டிக் கோடை கழித்த மலைகள். ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் நடுவே அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் கொல்லியில் பங்களா இல்லை, ரயிலடியும் பக்கத்தில் இல்லை. ஆகவே புத்தகத்திலும் இல்லை. ஒரு மலையின் செடிகள் பாடத்தில் வருமா வராதா என்பதைச் செடி தீர்மானிக்கவில்லை, தங்கும் வசதி தீர்மானித்தது. கேம்பிள் 1915-ல் தொடங்கி, அவர் இறந்தபின் ஃபிஷர் 1936-ல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் மொத்த மாகாணத்தையும் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்த அளவுக்கு விரிந்த வலையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு துண்டான மலைகளுக்குக் கிடைத்த கவனம் குறைவு.

யார் உள்ளே வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தலச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள், ராணி மேரிக் கல்லூரியில் படித்து 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஹானர்ஸ் முடித்தார். ராணி மேரிக் கல்லூரியே 1914-ல்தான் தொடங்கியது என்றால் எவ்வளவு சீக்கிரம் பாருங்கள். 1924-ல் ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1931-ல் முனைவர் பட்டம் வாங்கினார். கோவையில் கரும்பு ஆராய்ச்சி, இங்கிலாந்து வாசம், திரும்பி வந்து பழங்குடிகளின் தாவர அறிவைப் பற்றிய தேடல் என்று நீண்டது அவர் வாழ்க்கை. நுண்ணோக்கிக்குக் கீழே குரோமோசோம் எண்ணிக்கொண்டிருந்தவர் கடைசியில் மலைவாழ் மக்களிடம் செடிப் பெயர் கேட்கப் போனார் என்பது எனக்குத் திரும்பத் திரும்ப நினைக்கப் பிடித்த விஷயம். ஆய்வகத்துக்குள் போனவர் அதன் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே நடந்த மாதிரி.

கொல்லிமலை பாடத்துக்குள் வந்தது திருச்சி வழியாக. செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த ஏசு சபைக் கல்லூரி. அங்கே தாவரவியல் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் ரபினாவின் பெயரில் 1967-ல் ஒரு ஹெர்பேரியத்தை நிறுவினார் கே.எம். மேத்யூ. கேரளத்துக்காரர், ஏசு சபைத் துறவி. கடற்கரைக்கும் மேற்கு மலைக்கும் இடைப்பட்ட தமிழ்நாட்டின் கர்நாடகப் பகுதி முழுவதையும், சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாவற்றையும் சேர்த்து, மாணவர்களையும் உதவியாளர்களையும் கூட்டிக்கொண்டு அலசினார். 1981, 82, 83 என்று மூன்று வருடங்களில் அந்தத் தாவர நூல் வெளிவந்தது. பங்களாவைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்காத முதல் பெரிய முயற்சி என்று நான் இதைச் சொல்வேன். அதைவிட மாணவர்களுக்கு உதவியது 1991-ல் வந்த சுருக்கப் பதிப்பு, மத்தியத் தமிழ்நாட்டுக்கான களப்பயணக் கையேடு. பேருந்தில் எடுத்துப் போகவென்றே எழுதியது. பை கனத்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு கரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தியோடு கடந்த பி.எஸ்ஸி. மாணவர்கள் நாமக்கல், சேலம், திருச்சி வட்டாரத்தில் நிறைய பேர்.

ஹெர்பேரியம் தாள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. பூவோ காயோ இருக்கும் கிளையை வெட்டி, செய்தித்தாள் மடிப்புக்குள் இலை மடங்காமல் விரித்து, மரச்சட்டத்தில் இறுக்கி அழுத்த வேண்டும். தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் இது நரகம். தாளை அடுப்படி மேல் வைத்துக் காயப்போட்டு பெரியம்மாவிடம் அக்கா திட்டு வாங்கியிருக்கிறாள். காய்ந்ததும் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து. ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் கொண்ட கெட்டி அட்டையில் ஒட்டி நூலால் தைக்க வேண்டும். வலது கீழ் மூலையில் லேபிள். குடும்பம், அறிவியல் பெயர், இடம், உயரம், தேதி, வளரிடம், சேகரித்தவர், சேகரிப்பு எண்.

அந்தச் சேகரிப்பு எண்தான் என்னைப் போன்றவனுக்குப் பிடிபடும் இடம். ஒரு தாவர சேகரிப்பாளர் வாழ்நாள் முழுக்க ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டே போகிறார். எண் 1-ல் தொடங்கி, எந்த மலைக்குப் போனாலும் எந்த வருடமானாலும், அடுத்த செடிக்கு அடுத்த எண். ஒரு முறை கொடுத்த எண் திரும்ப வராது. ஒரே செடியிலிருந்து நாலு கிளை வெட்டினால் நாலுக்கும் ஒரே எண், ஒன்று இங்கே, ஒன்று கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு, ஒன்று லண்டன் கியூவுக்கு. (மெட்ராஸ் ஹெர்பேரியம் ஏன் கோவையில் இருக்கிறது என்பது தனிக்கதை.) செடியின் அறிவியல் பெயர் மாறலாம். நாளைக்கு ஒருவர் வந்து இது அந்த இனமில்லை என்று சொல்லலாம். அப்போதும் பழைய லேபிளைக் கிழிக்க மாட்டார்கள், பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவார்கள், பெயரும் தேதியும் போட்டு. எண் மாறாது. பெயர் என்பது கருத்து, எண் என்பது நிகழ்வு. தரவுத்தளம் வடிவமைக்கும்போது பெயரைச் சாவியாக வைக்காதே என்று முதல் வேலையில் என் டீம் லீட் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததை, தாவரவியலாளர்கள் கணினிக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. செய்முறைத் தேர்வுக்கு இத்தனை தாள் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர், ஆளுக்கு இருபது தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணூறு கிளைகள். ஒரே நாளில், ஒரே பாதையோரத்தில். பேருந்து நிற்கும் இடத்தில் பூத்திருந்தது பாவம் என்று பொருள். தரையில் வளரும் ஆர்க்கிட் ஒன்றை ஒரு வகுப்பு கிழங்கோடு பிடுங்கினால் அடுத்த வருடம் அங்கே செடி இருக்காது. கொல்லிமலையில் சாமிக்கு விட்ட காடுகள் பல உண்டு. உள்ளே கத்தி எடுத்துப் போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று ஊருக்கு ஊர் கட்டுப்பாடு. அங்கே மட்டும் மிஞ்சிய மரங்களும் உண்டு. கல்லூரி மாணவனிடம் 'இங்க வேண்டாம் சாமி' என்று ஊர்ப் பெரியவர் சொல்லும்போது, நூறு வருடமாக அந்தக் காட்டை உயிரோடு வைத்திருந்த விதி பேசுகிறது. அதை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் பறித்து வந்த தாளுக்கும் முழு மதிப்பெண்தான்.

அப்புறம் நம்ம சாமர்த்தியம். சீனியர் தாளை வாங்கி லேபிளை மட்டும் மாற்றி ஒட்டுவது. அக்காவுக்கு வந்த தாள்களில் ஒன்று மூன்று தலைமுறை கைமாறியது. பழைய லேபிள்களைச் சுரண்டிய தடம் அட்டையில் தெரிந்தது. ஒரே கிளை, மூன்று வேறு தேதிகளில், மூன்று வேறு மலைகளில் பறிக்கப்பட்டிருந்தது. நான்காவது லேபிளை எழுதியவன் நான். இதைத் தடுக்கத்தான் சில தேர்வாளர்கள் தாளிலேயே கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. வெல்ஸின் நோட்ஸ் கதைதான், இம்முறை காய்ந்த இலையில்.

விலங்கியல் பக்கம் கதை வேறு மாதிரி முடிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் விலங்கு அறுப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது, 2014-ல் நிறுத்தவே சொல்லிவிட்டது. ஹக்ஸ்லியின் தவளை நூற்று நாற்பது வருடம் கழித்து மேசையிலிருந்து இறங்கியது. இப்போது தவளை திரையில் இருக்கிறது, சுட்டியால் தோலை உரிக்கலாம், தவறினால் பின்னே போகலாம். என் தொழில்காரர்கள் செய்த வேலை. தவளைக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் திரைத் தவளைக்குள் அதைச் செய்தவன் வைத்தது மட்டும்தான் இருக்கும். நிஜத் தவளையைத் திறந்தால் புத்தகத்தில் இல்லாத ஒரு புழு இருக்கலாம். ஆகவே 'தானே பார்' என்ற பழைய வகுப்பு உயிரியலில் இன்று மிச்சமிருக்கும் இடங்களில் முக்கியமானது இந்த மலைப் பயணம்தான் என்று நினைக்கிறேன், அதன் எல்லாக் கோளாறுகளோடும்.

இவ்வளவு நேரம் மலைக்குப் போனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து கீழே படிக்க வருபவர்கள்?

கொல்லிமலையில் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் சாதிக் கட்டத்தைப் பார்த்து 'அப்ப கேரளாவா?' என்று கேட்ட எழுத்தர்களின் கதை அக்காவின் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் நிறைய இருந்தது. அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவள். களப்பயணத்தில் வகுப்பே கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் தூரத்திலிருந்தே செடியைச் சொல்லிவிடுவாளாம், எந்த மாதம் காய்க்கும், எதை ஆடு தின்னாது என்பது உட்பட. அது எந்தத் தேர்விலும் கேட்கப்படாத கேள்வி. கேட்கப்பட்டது பிராக்கனின் வாரிசுகளான பாடப்புத்தகப் பெரணிகள். மட்டத்தண்டின் குறுக்குவெட்டை வரைந்து பாகம் குறிக்க வேண்டும். வீட்டில் சூப் வைத்துக் குடித்த மட்டத்தண்டும் அதே உறுப்புதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளாகவே ஒரு நாள் நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்து, "ஏண்டி, இது நம்ம ஆட்டுக்கால்டி" என்று கத்தியிருக்கிறாள்.

அவள் அந்த மேசைக்கு வர முடிந்ததற்குக் காரணம் ஒரு பட்டியலும்தான். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானபோதும், சேலத்திலிருந்து பிரிந்தது என்பதால் கொல்லிமலைக்காரர்களுக்குச் சான்றிதழ் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளின் கதை அப்படியில்லை. ஈரோடு பழைய கோவை மாவட்டத்திலிருந்து வந்தது, கோவை அந்த வரிசையில் இல்லை. அதே பெயர், அதே மாதிரி மலை, அதே சாமை வயல். ஆனால் தாளில் வேறு. நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள். ஹெர்பேரியத்தில் ஒரு செடியின் எல்லை மாவட்ட எல்லையோடு முடிவதாக எழுதினால் அடுத்த தேர்வாளர் பக்கத்தில் சீட்டு ஒட்டித் திருத்திவிடுவார்.

தோழி எம்.எஸ்ஸி. முடித்து பி.எட். படித்து, இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறாள் என்று அக்கா சொன்னாள். மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்ததும் எந்த குரூப் எடுப்பது என்று கேட்டு மலையிலிருந்து போன் வருமாம். பெண் பிள்ளைகளின் அம்மாக்கள்தான் பேசுவார்கள். உயிரியல் எடுத்தால் நர்சிங் போகலாமா டீச்சர், நீட் இல்லாமல் வேறு என்ன இருக்கிறது, லேப் கோட்டுக்குத் தனியாக எவ்வளவு ஆகும். அவள் முதலில் கேட்பது, சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்றுதானாம்.